எல்லைக்கோட்டில் ஒருவர் – பகுதி 7: 'தோ' எழுதிய பாடம்

சென்ற வாரம் ராஜகோபாலை மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தோடு விட்டோம். 2009 ஜூலை. புக்கிட் ஜாலிலில் அம்ரி யஹ்யா இரண்டு கோல் போட்டார். ஆனாலும் ஆட்டம் 2-3 என்று கைநழுவிப் போனது.

தோல்விதான். இருந்தாலும் அந்த ஜனவரியை மறக்கக் கூடாது. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், சொந்த மண்ணில், ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5. பயிற்றுநர் பி. சத்தியநாதனின் பதவியே அதில் போயிற்று. அந்த நாற்காலியில்தான் கே. ராஜகோபால் வந்து உட்கார்ந்தார். 0-5 பார்த்த கண்ணுக்கு 2-3 ஆறுதலாகத்தான் இருந்தது.

இந்த வாரம் ராஜகோபாலைக் கொஞ்சம் ஓரமாக நிற்க வைத்துவிட்டு, எதிரணியான வியட்நாமின் பயிற்றுநரைப் பார்ப்போம். அவர் யார், எப்படி ஆட வைப்பார் என்று தெரியாமல் 2009, 2010 ஆகிய இரண்டு டிசம்பர்களும் விளங்காது.

பெயர் ஹென்ரிக் கலிஸ்டோ. நாடு போர்த்துகல்.

* * *

ஆற்றோரக் கோட்டையும் மீனவத் துறைமுகமும்

போர்த்துகீசியர் என்றால் கோத்தா திங்கிக்காரர்களுக்கு ஜோகூர் லாமா ஞாபகம் வரும். 1511இல் மலாக்கா பறிபோன பிறகு, சுல்தானின் வாரிசுகள் நம் ஜோகூர் ஆற்றங்கரையில் கோட்டை கட்டிக்கொண்டு ஆண்டார்கள். 1587இல் தோம் பாவ்லோ தெ லிமா பெரைராவின் கப்பற்படை வந்து அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது. 

கலிஸ்டோ பீரங்கியோடு வந்தவரில்லை. ஆனால் மலேசியாவைச் சாய்ப்பதில் அவரும் சளைத்தவரில்லை.

1953இல் பிறந்தவர். போர்த்தோ நகரை ஒட்டியிருக்கும் மத்தோசின்யோஸ் என்ற மீன்பிடித் துறைமுகம் அவருடைய ஊர். பந்தாடி, பிறகு பயிற்றுநராகி, போர்த்துகலில் கிளப் கிளப்பாக மாறி மாறி வேலை பார்த்தவர். அங்கே மொரின்யோ அளவுக்குப் பெயர் வாங்கவில்லை. 2001இல் யாரும் எதிர்பார்க்காத திசையில் புறப்பட்டார். வியட்நாமின் தெற்கே, மீகோங் ஆற்றுப் படுகையில் அப்போது லோங் ஆன் என்ற மாநிலம் இருந்தது. அங்கே ஓடு, செங்கல் வியாபாரம் செய்யும் டோங் தாம் நிறுவனத்தின் காற்பந்து கிளப் ஒன்று. அதற்குப் பயிற்றுநராகப் போனார்.

ஐரோப்பாவிலிருந்து தென்கிழக்காசியாவுக்கு வரும் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் இரண்டு பருவத்தில் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். இவர் தங்கினார். 2005இலும் 2006இலும் லோங் ஆன் வியட்நாம் லீக் பட்டத்தை வென்றது. ரசிகர்கள் அவரைச் செல்லமாக 'தோ' என்றார்கள். ஆட்டக்காரர்களுக்கு அவர் 'தோ வாத்தியார்'.

நடுவில் 2002இல் வியட்நாம் தேசிய அணியையும் அவர் கையில் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டைகர் கிண்ணத்தில் மூன்றாமிடத்துக்கான ஆட்டம், ஜக்கார்த்தாவில். வியட்நாம் 2, மலேசியா 1.

அது முதல் அடி. இரண்டாவது அடியில்தான் நம் கதைக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

* * *

2008: தோற்றவர் திரும்பி வந்தார்

2008 டிசம்பர், புக்கெட். தென்கிழக்காசிய அணிகளுக்கான சுசுகி கிண்ணக் குழுச் சுற்று. முதல் ஆட்டத்திலேயே தாய்லாந்து வியட்நாமை 2-0 என்று வீழ்த்தியது. அடுத்த ஆட்டத்தில் வியட்நாம் மலேசியாவை 3-2 என்று வென்றது. மலேசியா குழுச் சுற்றோடு வீடு திரும்பியது. வியட்நாம் தட்டுத்தடுமாறி அரையிறுதிக்குள் நுழைந்தது.

அரையிறுதியில் சிங்கப்பூரோடு ஹனோயில் 0-0. பிறகு சிங்கப்பூருக்கே போய் ஒரே ஒரு கோல் போட்டு 1-0. இறுதியாட்டத்தில் யார்? அதே தாய்லாந்து.

பேங்காக்கில் வியட்நாம் 2-1 என்று வென்றது. நான்கு நாள் கழித்து ஹனோயில் மறு ஆட்டம். தாய்லாந்து 1-0 என்று முந்தி, மொத்தக் கணக்கைச் சமப்படுத்திவிட்டது. கூடுதல் நேரம் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, காயநேரத்தில் லே கோங் வின் தலையால் முட்டிய பந்து வலைக்குள் விழுந்தது. அதுவே வியட்நாமின் முதல் கிண்ணம்.

இந்த ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கலிஸ்டோவின் பாணி தெரியும். குழுச் சுற்றில் பெரிய அணியிடம் தோற்றார். தோற்றதற்காக அணியைக் கலைக்கவில்லை. அடுத்த முறை அதே அணியைச் சந்தித்தபோது பந்தை அவர்களிடமே விட்டுவிட்டு, பின்னால் கூடி நின்று, கிடைத்த இடைவெளியில் மட்டும் ஓடினார். பந்தை வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான் என்ற எண்ணம் அவருக்குக் கிடையாது. ஆற்றல் குறைந்த அணியை எப்படி ஆட வைப்பது என்பதில் அவர் கைதேர்ந்தவர்.

அந்தக் கைத்திறனைப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது என் கணிப்பு. சான்று கேட்டால், அடுத்த இரண்டு டிசம்பர்களில் நடந்த ஆட்டங்களைத்தான் காட்டுவேன்.

* * *

வியந்தியான்

2009 டிசம்பர், லாவோஸ். சீ விளையாட்டுப் போட்டி. 23 வயதுக்குட்பட்ட அணிகள். ராஜகோபாலின் பையன்களும் கலிஸ்டோவின் பையன்களும் ஒரே குழுவில்.

மலேசியா தாய்லாந்தை 2-1 என்று வென்றது. தொடர்ந்து தங்கம் வாங்கிப் பழகிய தாய்லாந்து குழுச் சுற்றிலேயே வெளியேறியது. ஆனால் வியட்நாமிடம் மலேசியா 1-3 என்று தோற்றது. கலிஸ்டோவிடம் மூன்றாவது அடி.

அரையிறுதியில் மலேசியா லாவோசை 3-1 என்று வென்று இறுதிக்குப் போனது. எதிரே அதே வியட்நாம்.

அன்றைக்கு வியட்நாமின் தோளில் இருந்த பாரம் சாதாரணமானதில்லை. சீ போட்டிக் காற்பந்தில் அவர்களுக்குக் கடைசியாகக் கிடைத்த தங்கம் 1959இல், அதுவும் தென் வியட்நாம் என்ற நாடு இருந்த காலத்தில். சரியாக 50 ஆண்டுக் காத்திருப்பு. மலேசியாவின் காத்திருப்பு 20 ஆண்டு. 1989 கோலாலம்பூர் தங்கத்தோடு நின்றுபோயிருந்தது. சில நாளுக்கு முன்தான் 3-1 என்று அடித்த அணி வியட்நாம். வெல்ல வேண்டிய அணியும் அதுதான்.

சென்ற டிசம்பரில் யாரும் எதிர்பார்க்காத அணிக்குப் பயிற்றுநராக இருந்த கலிஸ்டோ, இந்த டிசம்பரில் எல்லோரும் எதிர்பார்க்கும் அணிக்குப் பயிற்றுநர். இனி பந்தை எதிரியிடம் விட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. முன்னேறி ஆடித்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 17. ஆட்டம் நகர்ந்தது, கோல் விழவில்லை. பாதி நேரம் தாண்டியது, விழவில்லை. 80 நிமிடம் தாண்டியது. மலேசியா பின்னால் கூடி நின்றது, கிடைத்தபோது ஓடியது.

ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருந்தபோது வியட்நாம் கோல் முன்னே ஒரு குழப்பம். தற்காப்பு ஆட்டக்காரர் மாய் ஸுவான் ஹோப் மீது பட்ட பந்து, அவருடைய சொந்த வலைக்குள்ளேயே போய் விழுந்தது.

1-0. மலேசியாவுக்குத் தங்கம்.

சொந்த கோலில் வந்த தங்கம் என்று அப்போது உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1-3 என்று தோற்ற அணியிடம் 85 நிமிடம் வரை ஒரு கோலும் வாங்காமல் நின்றதற்கு அதிர்ஷ்டம் என்று பெயரில்லை. குழுவில் தோற்று, இறுதியில் அதே அணியைப் பிடித்த கதை கலிஸ்டோவுக்கு அந்நியமானதும் இல்லை. ஒரு வருஷத்துக்கு முன் அவரே எழுதிய கதை.

* * *

கேலோரா புங் கார்னோ, 1-5

2010 டிசம்பர். தென்கிழக்காசியக் காற்பந்தின் பெரிய மேடை மறுபடியும் சுசுகி கிண்ணம்.

ராஜகோபால் கொண்டுபோனது பெரும்பாலும் இளம் அணி. வியந்தியான் தங்கத்தில் ஆடியவர்கள், 'ஹரிமாவ் மூடா' முகாமில் வளர்ந்தவர்கள். முன்வரிசையில் காஜாங்கைச் சேர்ந்த சாபி சாலி. அவருக்கு வயது 26. கேப்டன் சாபிக் ரஹிம். பக்கவாட்டில் பாஹாவ் ஊரைச் சேர்ந்த எஸ். குணாளன், அவர் ஓட்டப் பந்தயக்காரராக இருந்து பந்துக்கு வந்தவர், அந்த வேகம் காலில் தெரியும்.

இந்த இளைஞர் கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பாதிப் பதில் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியும், கோலாலம்பூரில் உள்ள புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும் 1990களின் பிற்பாதியில் தொடங்கப்பட்டவை. பதின்மூன்று வயதில் பிள்ளையை விடுதியில் சேர்த்து, காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் பாடம். அதன் பலன் தெரிய பத்துப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. ஹரிமாவ் மூடா 2009இல் மலேசிய பிரீமியர் லீக்கையே வென்றது. கிளப் அணிகளின் பெரியவர்களை இந்தப் பையன்கள் தோற்கடித்தார்கள். ராஜகோபாலின் சாமர்த்தியத்தைப் பேசும்போது இந்த நீண்ட விதைப்பைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

சரி, ஜக்கார்த்தாவுக்குப் போவோம். டிசம்பர் 1. எதிரே இந்தோனேசியா. உருகுவேயில் பிறந்த கிறிஸ்டியன் கொன்சாலெஸ், நெதர்லாந்தில் பிறந்த இர்பான் பச்டிம் என்று புது முகங்கள். அரங்கம் முழுக்கச் சிவப்பு.

முதல் கோல் மலேசியாவுடையது. நோர்ஷாருல் இட்லான் போட்டார். சில நிமிடம் மட்டும் அந்தச் சந்தோஷம். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று... கடைசியில் பலகையில் 5-1.

டிசம்பர் என்றால் கோத்தா திங்கியில் ஆற்றின் மட்டத்தைப் பார்க்கும் மாதம். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்துக்குப் பிறகு, அடைமழை என்றாலே ஊருக்குப் பயம். அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் காலை, மாமாக் கடைகளில் தே தாரிக் உறிஞ்சியவர்களுக்கு ஆற்றைப் பேச மனசில்லை. ஒரே பேச்சு, ஐந்து கோல். பழைய கதை திரும்பிவிட்டது, இந்த முறை ராஜகோபாலும் போவார் என்பது பொதுவான தீர்ப்பு.

இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு மூன்றே நாள். எதிரே தாய்லாந்து, அவர்களுடைய பயிற்றுநர் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய கேப்டன் பிரையன் ராப்சன். இந்த மாதிரி நேரத்தில் பயிற்றுநர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று: இளையவர்களை உட்கார வைத்து, அனுபவசாலிகளைத் தேடுவது. ராஜகோபால் அதைச் செய்யவில்லை. இளைஞர்களையே நம்பினார், ஆனால் ஆட்டத்தை மாற்றினார். முன்னேறும் ஆசையைச் சுருட்டி வைத்துவிட்டு, முதலில் கோல் வாங்காமல் இருப்போம் என்று நின்றார்கள். அதன்பின் வந்த பெரிய ஆட்டங்களில் கோல் கம்பத்துக்கு முன் நின்றவர் கிளந்தானின் கைருல் பாமி சே மாட், வயது 21.

டிசம்பர் 4. மலேசியா 0, தாய்லாந்து 0.

அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கலிஸ்டோ பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

* * *

பாலெம்பாங்கில் ஒரு கண், ஜக்கார்த்தாவில் ஒரு கண்

டிசம்பர் 7. குழுவின் கடைசி நாள். இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில்: பாலெம்பாங்கில் மலேசியா, லாவோஸ், ஜக்கார்த்தாவில் இந்தோனேசியா, தாய்லாந்து.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மலேசியாவிடம் 1 புள்ளி. லாவோசை வென்றால் 4. தாய்லாந்திடம் 2 புள்ளி. இந்தோனேசியாவை வென்றால் 5. அதாவது மலேசியா எத்தனை கோல் போட்டாலும், தாய்லாந்து வென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தோனேசியாவோ ஏற்கெனவே அரையிறுதிக்குப் போய்விட்ட அணி. உயிரைக் கொடுத்து ஆட அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

பாலெம்பாங்கில் மலேசியா கடமையைச் செய்தது: 5-1. ஆனால் ஜக்கார்த்தாவில் இரண்டாம் பாதியில் தாய்லாந்து 1-0 என்று முந்தியது. அந்த நிமிடத்தில் புள்ளிப் பட்டியலின்படி மலேசியா வெளியே. பாலெம்பாங் திடலில் ஓடிக்கொண்டிருந்த பையன்களால் அதைப் பற்றி எதுவும் செய்ய முடியாது.

பிறகு, ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இந்தோனேசியாவுக்கு ஒரு பெனால்டி. பம்பாங் பமுங்காஸ் போட்டார். 1-1. மலேசியா உள்ளே.

இன்னொரு பெனால்டி. மறுபடியும் பம்பாங். 2-1.

ஐந்து கோல் போட்டு அவமானப்படுத்திய அதே இந்தோனேசியா, ஆறே நாளில் மலேசியாவைக் கைதூக்கிவிட்டது. ராப்சனின் தாய்லாந்து ஒரு வெற்றியும் இல்லாமல் வீடு திரும்பியது. பம்பாங் அந்த இரண்டு பந்தையும் தவறவிட்டிருந்தால் இந்தத் தொடரை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அரையிறுதியில் எதிரே? வியட்நாம். எல்லைக்கோட்டில் கலிஸ்டோ.

* * *

இரண்டு இரவுகள்

கலிஸ்டோவின் நிலைமையும் வெளியே தெரிந்த அளவுக்குச் சுகமாக இல்லை. நடப்பு வெற்றியாளர். ஹனோய் நகரம் அந்த அக்டோபரில்தான் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடி முடித்திருந்தது. மக்கள் கிண்ணத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். மியன்மாரை 7-1 என்று அடித்துத் தொடங்கிய அணி, அடுத்த ஆட்டத்தில் பிலிப்பைன்சிடம் 0-2 என்று தோற்று ஊரையே திகைக்க வைத்தது. பிறகு சிங்கப்பூரை 1-0 என்று வென்று குழுவில் முதலிடம்.

லே கோங் வின் காயத்தால் அணியில் இல்லை. அவர் ஒரு வருஷத்துக்கு முன் லெய்ஷோய்ஸ் கிளப்பில் ஆடப் போர்த்துகல் போயிருந்தார். அந்த கிளப் எந்த ஊரில் என்கிறீர்கள்? மத்தோசின்யோஸ். கலிஸ்டோவின் சொந்த ஊர்.

டிசம்பர் 15, புக்கிட் ஜாலில். முதல் பாதி கோல் இல்லாமல் போனது. வியட்நாமுக்குச் சமநிலையே போதும். மறு ஆட்டம் அவர்கள் வீட்டில். இந்த மாதிரி ஆட்டத்தில் சொந்த அரங்கில் ஆடும் அணி பொறுமை இழந்து முன்னால் பாயும், பின்னால் திறந்துவிடும். எதிரணி எதிர்பார்ப்பதும் அதுதான்.

மலேசியா பாயவில்லை. நோர்ஷாருல் பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கினார். வியட்நாம் தற்காப்பு அவரைத் தொடர்ந்து வெளியே வந்தது. அவர்கள் விட்ட இடத்தில் சாபி சாலி. இரண்டாம் பாதியில் அவர் ஒரு கோல் போட்டார். அரங்கத்தின் சத்தம் அடங்கும் முன் ஆட்டம் முடிந்துவிடும் போலிருந்த வேளையில் இன்னொன்றும் போட்டார்.

2-0. கலிஸ்டோவின் அணிக்கு எதிராக ராஜகோபாலின் பையன்கள் தொடர்ந்து இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்கவில்லை.

மூன்று நாள் கழித்து ஹனோய், மை டின் அரங்கம். 2008இல் காயநேரக் கோலால் கிண்ணம் வந்த அதே திடல். வியட்நாமுக்கு இரண்டு கோல் வேண்டும், ஆட்டத்தை நீட்டிக்கவே.

அலை அலையாக வந்தார்கள். மலேசியா பந்தைத் தொட்ட நேரம் குறைவு. தொட்டபோதும் அதைத் தூரத் தள்ளிவிடும் அவசரம்தான். கைருல் பாமி பாய்ந்தார், குத்தினார், பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். நேரம் ஓட ஓட வியட்நாமின் உதைகள் தூரத்திலிருந்தே வரத் தொடங்கின. பெட்டிக்குள் வழி கிடைக்காத அணி அப்படித்தான் உதைக்கும்.

0-0.

எதிரியிடம் பந்தைக் கொடு, இடத்தைக் கொடுக்காதே. கலிஸ்டோ 2008இல் தாய்லாந்துக்கு எதிராகக் கையாண்ட வித்தை, அவருடைய சொந்த அரங்கில், அவருக்கே எதிராக முழுதாய் 90 நிமிடம் ஓடியது. 2011 மார்ச்சில் அவர் வியட்நாம் பதவியைத் துறந்து, தாய்லாந்தின் முவாங்தோங் யுனைடெட்டுக்குப் போனார். பிறந்த ஊரைவிட்டு வந்து பத்து வருஷம் வியட்நாமில் வேர்விட்ட மனிதர். இந்தத் தொடரில் இனி அவர் வர மாட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

* * *

இன்னொரு அரையிறுதியின் முடிவு மறுநாள் தெரிந்தது. பிலிப்பைன்சை வென்று இறுதிக்கு வந்தது இந்தோனேசியா.

முதல் ஆட்டம் டிசம்பர் 26, புக்கிட் ஜாலிலில். மறு ஆட்டம் டிசம்பர் 29, அந்த 5-1 விழுந்த அதே கேலோரா புங் கார்னோவில். ராஜகோபால் இதுவரை பாடம் படித்தது கலிஸ்டோவிடம். ஒரு கோல், இரண்டு கோல் வித்தியாசத்தில் முடியும் நெருக்கமான ஆட்டங்களுக்கான பாடம் அது. எதிரே நின்ற இந்தோனேசியப் பயிற்றுநர் ஆல்பிரட் ரீடலின் அணியோ அந்தப் போட்டியில் சந்தித்த எல்லோரையும் வென்றிருந்தது, இந்தப் பையன்களின் வலைக்குள் ஐந்து முறை பந்தை அனுப்பியிருந்தது.

பின்னால் கூடி நின்றால் இந்தோனேசியாவைத் தடுக்க முடியுமா? அல்லது, சொந்த மண்ணில் நடக்கும் முதல் ஆட்டத்திலேயே ராஜகோபால் அந்தப் பாடத்தைத் தூக்கி எறிய வேண்டியிருந்ததா?

(அடுத்த வாரம்: பச்சை ஒளி)